கோமகாட்டா மாருவும் கனடாவின் மன்னிப்பும்

லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியமர்ந்துள்ள நம் தமிழ்க் குடும்பத்தாரில் பஜ்பஜ் என்னும் ஊர்ப் பெயரைக் கேளாதவர் இலர். பாலிகஞ்சில் பிரிந்து, லேக் கார்டன்ஸ், டாலிகஞ்சு வழியாகச் செல்லும் கிளை ரயில் பாதையின் கடைசி நிலையம் அது. எண்ணெய்க் கிடங்குகளும் சணல் ஆலைகளும் உள்ள ஆற்றங்கரை ஊர் என்பதற்குமேல் அதைப்பற்றி நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அந்நிலையத்தின் பெயரோடு இன்று ஒரு கப்பலின் பெயரும் சேர்ந்துள்ளது. ஊரில், வானை நோக்கி உயர்ந்த சீக்கியர் குறுவாள் வடிவில், நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. 1952-ஆம் ஆண்டில் இந்திய அரசு அமைத்த அதனைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அக்கம்பக்கத்தார் அதனைப் 'பஞ்சாபிச் சின்னம்' என்றே வழங்குகின்றனர். அந்தக் கப்பலின் பொருட்டு, நூறாண்டுக்குப் பின், கடல் கடந்த ஓர் அரசு தன் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கோரியது. அவ்வரலாற்றை நம் சங்க மலரில் எழுதி வைப்பது பொருந்தும் எனக் கருதுகிறோம். பிழைப்பை நாடிப் பிற மண்ணுக்கு வந்து குடியேறியவர் நாம். இறங்கிய இடத்தில் எவரும் நம்மை மறிக்கவில்லை என்பதே ஒரு பேறு என்பதை இக்கதை உணர்த்தும்.

கப்பலின் கதைக்கு முன்னால் சட்டத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து உழவரும் ஓய்வுபெற்ற சிப்பாய்களும் அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரைக்குச் சென்று, மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்து வந்தனர். வெள்ளைத் தொழிலாளருக்கு அது பொறுக்கவில்லை. 1907 செப்டம்பர் 4-ந் தேதி இரவு, அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்னும் ஊரில், நானூறு ஐந்நூறு பேர் கொண்ட கும்பலொன்று இந்தியத் தொழிலாளர் தங்கியிருந்த விடுதிகளில் புகுந்து, அவர்களை அடித்து ஊரைவிட்டே துரத்தியது. இரண்டு மூன்று நாட்களுக்குள், எல்லைக்கு அப்பால் கனடாவின் வான்கூவர் நகரில் சீனர், ஜப்பானியர் குடியிருப்புகளின்மீது கலகக்காரர் பாய்ந்தனர். அதே ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தியரின் வாக்குரிமையைப் பறித்தது. அது திரும்பி வர 1947 ஆயிற்று.

கும்பல் கையால் செய்ததைக் கனடா அரசு மையால் செய்தது. இந்தியர் பிரிட்டிஷ் முடியின் குடிகள். கனடாவும் அதே முடியின் கீழ் உள்ள நாடு. 'இந்தியர் வரலாகாது' என்று வெளிப்படையாக எழுதினால் லண்டனுக்குச் சங்கடம். ஆகவே 1908 ஜனவரியில் ஓர் ஆணை பிறந்தது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ, அங்கேயே வாங்கிய நேர்ச்சீட்டுடன், இடையில் எங்கும் தங்காமல் ஒரே பயணமாக வருவோரே கனடாவில் இறங்கலாம் என்றது அது. இந்தியா என்ற சொல் அதில் இல்லை. ஆனால் கல்கத்தாவிலிருந்து வான்கூவருக்கு நேர்ச்சீட்டு விற்றுவந்த கப்பல் கம்பெனி அதை விற்காமல் நிறுத்தும்படி அரசாங்கம் பார்த்துக்கொண்டது. வாசலைத் திறந்து வைத்துப் படிக்கட்டை இடித்துவிட்டாற்போன்ற ஏற்பாடு இது. 1910-இல் மற்றோர் ஆணையும் சேர்ந்தது: ஆசியாவிலிருந்து வருபவர் ஒவ்வொருவரும் கையில் 200 டாலர் காட்ட வேண்டும். பிற குடியேறிகளுக்கு 25 டாலரே போதும்.

இந்த விதியைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் பாபா குர்தித் சிங். அமிர்தசரஸ் பக்கத்துச் சிர்ஹாலிக்காரர். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்தத் தொழிலில் பொருளீட்டியவர். 1913-ஆம் ஆண்டு இறுதியில், 'பனாமா மாரு' என்னும் கப்பலில் வந்த இந்தியர் சிலரின் வழக்கில், ஆணைகளின் வாசகம் மூலச் சட்டத்தோடு ஒத்துவரவில்லை என்று வான்கூவர் பக்கத்து நீதிமன்றம் அவற்றைத் தள்ளிவிட்டது. அச்செய்தி கிழக்காசியத் துறைமுகங்களில் காத்துக் கிடந்த பஞ்சாபியருக்கு நம்பிக்கை ஊட்டிற்று. அரசு உடனே வாசகத்தைத் திருத்திப் புதிய ஆணைகளைப் பிறப்பித்துவிட்டது. குர்தித் சிங் பின்வாங்கவில்லை. 'கோமகாட்டா மாரு' என்ற ஜப்பானிய நீராவிக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, 1914 ஏப்ரல் 4-ந் தேதி ஹாங்காங்கிலிருந்து 165 பேருடன் புறப்பட்டார். ஷாங்காய், மோஜி, யோக்கஹாமா ஆகிய துறைகளில் மேலும் பலர் ஏறினர். பசிபிக் கடலைக் கடக்கும்போது கப்பலில் 376 பேர் இருந்தனர். பெரும்பாலோர் சீக்கியர்; முஸ்லிம்களும் இந்துக்களும் சிலர். கப்பலில் குரு கிரந்த சாகிபுக்கு ஓரிடம் அமைத்து வழிபட்டனர். பயணிகள் அதற்கு இட்ட பெயர் 'குரு நானக் ஜஹாஜ்'.

மே 23-ந் தேதி கப்பல் வான்கூவர்த் துறையை அடைந்தது. கரை கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் இறங்க விடவில்லை. முன்பே கனடாவில் வாழ்ந்து திரும்பியோரும், ஒரு மருத்துவர் குடும்பமும் என, இருபது பேருக்குச் சற்று மேற்பட்டவரே இறக்கப்பட்டனர். மற்றையோர் இரண்டு மாதம் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தனர். குடிநீரும் உணவும் அனுப்புவதில் அதிகாரிகள் காலந்தாழ்த்தினர். கரையிலிருந்த இந்தியர் கைவிடவில்லை. மர ஆலைக் கூலியில் மிச்சம் பிடித்த காசை ஒன்றுசேர்த்து, ஆயிரக்கணக்கான டாலர் திரட்டி, கப்பல் வாடகையின் நிலுவையைக் கட்டினர். எட்வர்ட் பேர்ட் என்னும் வெள்ளை வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாடினார். முன்ஷி சிங் என்ற பயணி ஒருவரின் வழக்கே அனைவரின் வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜூலை 6-ந் தேதி பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமுகமாக அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். ஜூலை 19-ந் தேதி இரவு, போலீஸாரை ஏற்றிக்கொண்டு 'சீ லயன்' என்னும் இழுவைப் படகு கப்பலை நெருங்கியது. பயணிகள் நிலக்கரித் துண்டுகளையும் செங்கற்களையும் வீசி அதைத் திருப்பி அனுப்பினர். பின்னர் 'ரெயின்போ' என்னும் போர்க்கப்பலே கொண்டுவரப்பட்டது. நிராயுதபாணிகள் நிறைந்த வாடகைக் கப்பலின்மேல் பீரங்கிகள் குறிபார்த்து நிற்க, கரையில் மக்கள் திரளாகக் கூடி வேடிக்கை பார்த்தனர். ஜூலை 23-ந் தேதி கோமகாட்டா மாரு திரும்பிச் சென்றது.

அது கடலில் இருக்கும்போதே உலகப் போர் மூண்டது. ஹாங்காங்கில் இறங்க அனுமதி இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. பயணிகள் கலகக்காரராகிவிட்டனர் என்று இந்திய அரசாங்கம் கருதியது. வெளிநாட்டிலிருந்து வருவோரைத் தடுத்து வைக்கவும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அதிகாரமளிக்கும் அவசரச் சட்டமொன்றைச் செப்டம்பரில் பிறப்பித்தது. ஹூக்ளி ஆற்றில் நுழைந்த கப்பலைக் கல்கத்தாவுக்கு விடாமல் பஜ்பஜில் நிறுத்தினர், சோதனையிட்டனர். செப்டம்பர் 29-ந் தேதி, தயாராக நின்ற தனி ரயிலில் ஏறி நேரே பஞ்சாபுக்குப் போகும்படி கட்டளையிட்டனர். சிலர் ஏறினர். மற்றவர் மறுத்தனர். கிரந்த சாகிபை ஹௌரா குருத்துவாராவில் ஒப்படைக்க வேண்டும், ஆளுநரிடம் முறையிட வேண்டும் என்று சொல்லி, புனித நூலைத் தலைமேல் தாங்கிக் கல்கத்தாச் சாலையில் நடந்தனர். பட்டாளம் மறித்துத் திருப்பிற்று. பொழுது சாயும் வேளையில், ரயில் நிலையத்தருகே கைகலப்பு உண்டாகித் துப்பாக்கி வெடித்தது. பயணிகளில் இருபது பேரளவில் மாண்டனர். எதிர்த்தரப்பிலும் உள்ளூராரிலும் சிலர் இறந்தனர். இருநூறுக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். குர்தித் சிங் தப்பிச் சென்று, பல ஆண்டுகள் தலைமறைவாய் இருந்து, காந்தியடிகளின் சொற்கேட்டுத் தாமே வந்து சரணடைந்தார், சிறை சென்றார்.

அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. சர் வில்லியம் வின்சென்ட் தலைவர். பர்த்வான் மகாராஜாவும் ஓர் அங்கத்தினர். குற்றமெல்லாம் குர்தித் சிங் மீதும் பயணிகள் மீதும்தான் என்று குழு முடிவு கூறிற்று.

இனி மன்னிப்பின் கதைக்கு வருவோம். இந்தியர் கனடாவில் வாக்குரிமை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே தொடர்பயண விதியும் எடுக்கப்பட்டது. பின்வந்த தலைமுறைகளில் பஞ்சாபியர் அந்நாட்டில் பெருகினர். நகரசபைகளிலும் சட்டசபைகளிலும் அமர்ந்தனர். கப்பலை அவர்கள் மறக்கவில்லை. அந்நாட்டு அரசு மற்ற இனத்தாரிடம் மன்னிப்புக் கேட்ட முறையும் அவர்கள் கண்ணெதிரே நடந்தது. உலகப் போர்க் காலத்தில் வீடுவாசல் பறித்து அடைத்து வைக்கப்பட்ட ஜப்பானியக் குடிகளிடம் 1988 செப்டம்பரில் பிரதமர் மல்ரோனி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உயிரோடிருந்தோர்க்குத் தலைக்கு 21,000 டாலர் அளிக்கப்பட்டது. சீனரிடம் மட்டும் வாங்கிய தலைவரிக்காக 2006 ஜூனில் பிரதமர் ஹார்ப்பர் அதே சபையில் மன்னிப்புக் கோரினார். இந்தியரின் முறை எப்போது என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

2008-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் காமன்ஸ் சபை, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற தீர்மானத்தை ஏற்றது. கப்பல் வந்த நாளான மே 23-ந் தேதி, பிரிட்டிஷ் கொலம்பியாச் சட்டசபை தன் பங்குக்கு ஒருமனதாக மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று. பின்னர் ஆகஸ்ட் 3-ந் தேதி, வான்கூவரை அடுத்த சர்ரே நகரத்தில் ஒரு பூங்காவில் நடந்த கதர்க் கட்சித் தியாகிகள் நினைவு விழாவுக்குப் பிரதமர் ஹார்ப்பர் வந்தார். மேடையேறிப் பேசினார், அரசின் சார்பில் மன்னிப்புக் கோருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிச் சென்றார். அவர் வெளியேறியவுடன் மேடையில் பெருங்கூச்சல். இந்த மன்னிப்பை ஏற்கவில்லை என்று அங்கேயே அறிவிக்கப்பட்டது; கூடியிருந்தோர் கையுயர்த்தி ஆமோதித்தனர். சீனருக்குப் பாராளுமன்றத்தில் சொன்னதை நமக்குப் பூங்காவில் சொல்வது ஏன் என்பதே அவர்கள் வினா. மன்னிப்புச் சொல்லியாயிற்று, இனித் திரும்பச் சொல்வதற்கில்லை என்றார் அமைச்சர் கென்னி.

இவ்வளவு பிடிவாதம் வேண்டுமா எனச் சிலர் கேட்கலாம். சொன்னவர் பிரதமர், சொன்ன சொல் மன்னிப்பு, இடத்தில் என்ன இருக்கிறது? நம் வீடுகளின் வழக்கத்தைக் கொண்டே இதற்கு விடை சொல்லலாம். கலியாணத்துக்கு வழியில் கண்டவிடத்தில் 'வந்துவிடுங்கள்' என்று சொல்லிப் போவதும் அழைப்புத்தான்; தட்டில் பழமும் வெற்றிலையும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு வீட்டுப்படி ஏறி அழைப்பதும் அழைப்புத்தான். இரண்டும் ஒன்று என எந்தச் சம்பந்தியும் ஒப்புக்கொள்ளமாட்டார். அரசுக்கும் இது பொருந்தும். கப்பலைத் திருப்பியது ஒரு தனி மனிதரின் கோபமன்று, சட்டம் திருப்பிற்று. சட்டம் பிறக்கும் இடம் பாராளுமன்றம். விழா மேடையில் சொன்ன சொல் கூட்டம் கலைந்ததும் பத்திரிகைச் செய்தியாய்ப் போகும். சபையில் சொன்னதோ சபைக் குறிப்பில் ஏறி, பழைய சட்டம் இருக்கும் அதே அலமாரியில் அதற்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும். சர்ரே பூங்காவில் கையுயர்த்தியவர்கள் வீம்புக்காரர் அல்லர் என்பதே நம் எண்ணம்.

அவர்கள் மேலும் எட்டாண்டு காத்தனர். 2016 மே 18-ந் தேதி பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ காமன்ஸ் சபையில் எழுந்து மன்னிப்புக் கோரினார். பயணிகளின் வழித்தோன்றல்கள் பார்வையாளர் மாடத்தில் இருந்தனர். அவருடைய உரையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கப்பலுக்கும் பயணிகளுக்கும் நேர்ந்த எல்லாத் துன்பத்துக்கும் கனடா ஒன்றே பொறுப்பாகாது. ஆனால் அவர்கள் அமைதியாக வந்து குடியேற முடியாமற் செய்த சட்டங்களுக்குக் கனடா அரசே ஐயமின்றிப் பொறுப்பு என்ற கருத்தை அவர் சொன்னார். 'நடந்தது வருந்தத்தக்கது' என்று எவரும் சொல்லிவிடலாம். வெள்ளத்துக்கும் புயலுக்கும்கூட அப்படிச் சொல்கிறோம். இன்ன சட்டம், அதை இயற்றியவர் நாங்கள் என்று சுட்டிச் சொன்னதே இதன் தனிச்சிறப்பு.

அன்று அச்சபையில் பாதுகாப்பு அமைச்சராக வீற்றிருந்தவர் ஹர்ஜித் சஜ்ஜன், பஞ்சாபில் பிறந்த சீக்கியர். அரசியலுக்கு வருமுன் அவர் தலைமை தாங்கிய படைப்பிரிவு, 1914-இல் கோமகாட்டா மாருவை வெளியேற்றும் வேலையில் ஈடுபட்ட அதே படைப்பிரிவு. ட்ரூடோவே இதனைத் தம் உரையில் குறிப்பிட்டார். வரலாறு சில வேளைகளில் புராணிகரைப்போல் நடந்துகொள்கிறது.

இதெல்லாம் வாக்கு வேட்டை என்போரும் உளர். பஞ்சாபியர் வாக்குக்குக் கனடாவின் இரு பெருங்கட்சிகளும் போட்டியிடுவது உண்மையே. ஆயின் 1908-ஆம் ஆண்டு ஆணை லிபரல் கட்சியின் லாரியர் ஆட்சியில் பிறந்தது. 1914-இல் கப்பலைத் திருப்பியது கன்சர்வேடிவ் கட்சியின் போர்டன் ஆட்சி. பூங்காவில் மன்னிப்புக் கேட்ட ஹார்ப்பர் கன்சர்வேடிவ்; சபையில் கேட்ட ட்ரூடோ லிபரல். கடன் இரு வீட்டாரும் பட்டது. வாக்குக்காகவே கேட்டனர் என்றாலும், 1907-இல் எவருடைய வாக்கைப் பறித்தார்களோ அவர்கள் பேரரின் வாக்குக்கு அஞ்சிக் கேட்டனர் என்பதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பெல்லிங்ஹாமிலோ இந்த அச்சங்கூட இல்லை. அவ்வூர்ப் பத்திரிகை, கலகம் நடந்த நூறாம் ஆண்டான 2007-இல், அன்று தான் வெளியிட்ட எழுத்துக்களுக்காக இந்திய மக்களிடம் தானே மன்னிப்புக் கேட்டது.

கனடா தன் சட்டத்துக்குப் பொறுப்பேற்றாயிற்று. நம் ரயில் பாதையின் கோடியில் வெடித்த குண்டுகள் கனடாவின் குண்டுகள் அல்ல. அவை லண்டனுக்குக் கட்டுப்பட்ட இந்திய அரசாங்கத்தின் குண்டுகள். அந்த அரசாங்கத்தின் வாரிசு லண்டனில் இருக்கிறது. ஆனால் அதன் வழக்கம் வேறு. 1914-இல் பஞ்சாபின் துணை ஆளுநராக இருந்து, கடல் கடந்து திரும்பியோரைப் புதிய அவசரச் சட்டத்தால் அடக்கியவர் மைக்கேல் ஓ'டுவையர். 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாகில் ஜெனரல் டயர் 1,650 குண்டுகளைச் சுடுவித்தபோதும் பஞ்சாபின் துணை ஆளுநர் அவரே. டயரின் செயலை ஆதரித்தவரும் அவரே. அரசாங்கக் கணக்குப்படி மாண்டவர் 379 பேர். மக்கள் கணக்கு அதனினும் மிகப் பெரிது. வெள்ளை மாது ஒருவர் தாக்கப்பட்ட தெருவில், இந்தியர் வயிற்றால் ஊர்ந்து செல்ல வேண்டும் என்று டயர் ஆணையிட்டதையும் நினைவுகூர வேண்டும். அடுத்த ஆண்டு லண்டன் காமன்ஸ் சபையில் சர்ச்சில் அப்படுகொலையைக் கடுஞ்சொல்லால் கண்டித்தார். பிரபுக்கள் சபையோ 129-க்கு 86 என்ற வாக்கில் டயருக்குப் பரிந்து தீர்மானித்தது. ஒரு பத்திரிகை நிதி திரட்டி அவருக்கு 26,000 பவுன் அளித்தது.

1997-இல் எலிசபெத் அரசியார் அமிர்தசரஸுக்கு வந்து மலர்வளையம் வைத்தார். 2013 பிப்ரவரியில் பிரதமர் காமெரான் வந்து, மிகவும் வெட்கத்துக்குரிய நிகழ்ச்சி என்று பார்வையாளர் ஏட்டில் எழுதினார்; மன்னிப்புக் கேட்கவில்லை. தாம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுக்கு முன் நடந்ததை இப்போது தோண்டுவது முறையன்று என்பது அவர் சமாதானம். ட்ரூடோ பிறந்தது 1971-இல். கப்பல் திரும்பி 57 ஆண்டு ஆனபின். பிறவாத காலத்துச் செயலுக்கு ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்கலாம், மற்றொருவர் கேட்கலாகாது என்பது என்ன கணக்கு? பிறந்திராதது மனிதர்தாம், அரசு அன்றும் இருந்தது. அன்றைய கடன் பத்திரங்களையும் உடன்படிக்கைகளையும் இன்றும் தன்னுடையவை என்று கொள்ளும் அரசு, அன்றைய குண்டுகளை மட்டும் பிறர் வீட்டுப் பொருளாகச் சொல்வது பொருந்துமா? நூற்றாண்டு நினைவு ஆண்டான 2019 ஏப்ரலில் பிரதமர் தெரஸா மே லண்டன் காமன்ஸ் சபையில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். முழுமையான, ஐயத்துக்கு இடமில்லாத மன்னிப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் கார்பின் அதே சபையில் கேட்டார். இடம் சரியாக அமைந்தது, சொல் அமையவில்லை. கனடாவில் 2008-இல் சொல் அமைந்து இடம் அமையாதுபோனதற்கு இது நேர்மாறு.

பஜ்பஜுக்கு அந்த வருத்தச் சொல்லும் வரவில்லை. ஜாலியன்வாலாபாகை உலகம் அறியும். மாண்டோர் தொகையும் பெரிது. இங்கே மாண்டவர் இருபது பேர்; போர் தொடங்கிய பரபரப்பில் செய்தியும் அமுங்கிவிட்டது. பாபா குர்தித் சிங், சுதந்திரத்தையும் 1952-இல் எழுந்த நினைவுச் சின்னத்தையும் கண்டபின், 1954-இல் காலமானார். அவர்மீதும் அவரோடு வந்தவர்கள்மீதும் குற்றம் சுமத்திய விசாரணைக் குழுவின் அறிக்கையை லண்டன் அரசு இன்றுவரை மறுத்துரைத்ததில்லை.